சுப்பாராவ்: உங்கள் வீட்டு மருந்து டப்பாவுக்குள் இருக்கும் மெட்ராஸ் மருத்துவரை உங்களுக்குத் தெரியுமா?

காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் இருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் இரண்டு மாத்திரைகள். ஒன்று மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரே ஒரு நாள். இன்னொன்று ஃபோலிக் அமிலம், அந்த நாளை விட்டு வேறு நாளில்.

வீட்டுக்கு வந்து கூகுளில் தேடுகிறீர்கள். முதல் மாத்திரை, உடலில் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் என்று இருக்கிறது. இரண்டாவது மாத்திரை அந்த ஃபோலிக் அமிலமேதான். தடுப்பதும் நாமே, கொடுப்பதும் நாமே என்றால் என்ன கணக்கு இது? டாக்டர் மாற்றி எழுதிவிட்டாரா?

இல்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அதைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். ஒன்று, பள்ளியில் படித்து மறந்துபோன என்சைம் பாடம். இன்னொன்று, எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற ஒரு மனிதரின் கதை. இந்த இரண்டு மருந்துகளும் 1940-களில், சில ஆண்டு இடைவெளியில், ஒரே அமெரிக்க ஆய்வகத்தில் இருந்து வந்தவை. அந்த ஆய்வகத்தின் தலைவர் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

முதலில், என்சைம்னா என்ன?

ஒரு வாய் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற என்சைம், சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது. மட்டன் சீக்கிரம் வேக வேண்டும் என்று பப்பாளிக்காயை அரைத்துத் தடவுகிறோம் இல்லையா? அதில் வேலை செய்வது பப்பெயின் என்ற இன்னொரு என்சைம். கறியின் புரதத்தை அது வெட்டுகிறது.

தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இதற்கு நொதி என்று பெயர். ஏறக்குறைய எல்லா நொதிகளும் புரதங்கள். 20 வகை அமினோ அமிலங்கள் மணிமாலை போலக் கோக்கப்பட்டு, அந்த மாலை தனக்கே உரிய ஒரு வடிவத்தில் மடிந்து சுருண்டுகொள்கிறது. அப்படி மடியும்போது ஓரிடத்தில் சின்னப் பள்ளம் ஒன்று உருவாகும். நொதி வேலை செய்யும் இடம் அந்தப் பள்ளம்தான். 'ஆக்டிவ் சைட்' என்று படித்திருப்பீர்கள். அதில் சரியாகப் பொருந்தும் மூலக்கூறு மட்டும் உள்ளே வந்து உட்காரும், மாற்றம் அடையும், வெளியே போகும். நொதி தேய்வதில்லை. அடுத்த மூலக்கூறுக்குத் தயாராகிவிடும்.

இதில் நொதி என்னதான் செய்கிறது? எந்த வேதிவினையும் தொடங்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவை. அதைக் கிளர்வு ஆற்றல் என்பார்கள். மலையின் அந்தப் பக்கம் போக வேண்டும், ஆனால் உச்சி வரை ஏறித்தான் இறங்க முடியும் என்பது போல. நொதி அந்த மலையில் ஒரு சுரங்கப் பாதை போட்டுக் கொடுக்கிறது. போய்ச் சேரும் ஊர் மாறாது, நேரம் மட்டும் குறைகிறது. எவ்வளவு குறைகிறது? நம் ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் ஒரு மூலக்கூறு, ஒரு நொடியில் சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளைக் கையாளக்கூடியது.

எல்லாம் வடிவத்தைப் பொறுத்தது. முட்டையின் வெள்ளைக்கருவைச் சூடாக்கினால் கெட்டியாகிவிடுகிறது, ஆற வைத்தாலும் பழையபடி ஆகாது. புரதத்தின் மடிப்பு கலைந்துவிட்டது என்று அர்த்தம். நொதிக்கும் அளவுக்கு மீறிய சூட்டில் அதே கதிதான். பள்ளம் போனால் வேலையும் போச்சு.

கடைசியாக ஒன்று. பல நொதிகளால் தனியாக வேலை செய்ய முடியாது. கூட ஒரு சின்ன உதவியாள் வேண்டும். அதுதான் துணைநொதி. நாம் வைட்டமின் என்று சாப்பிடுவதில் பல, உடலுக்குள் போய்த் துணைநொதியாக மாறுபவை. ஃபோலிக் அமிலம் அப்படிப்பட்ட ஒரு பி வைட்டமின். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருவோம்.

மூன்றாவது முறையில் பாஸான மாணவர்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திராவில் இருக்கிறது. வீட்டில் வறுமை. சின்ன வயதில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டை விட்டு ஓடினார், வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்து பள்ளியில் விட்டார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறை, மெட்ராஸ் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, அதன் பின் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. நண்பர்களும் பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் படிக்க வைத்தார்கள்.

ஒத்துழையாமை இயக்கக் காலம் அது. காந்தியின் அழைப்பைக் கேட்டு சுப்பாராவ் கதர் உடுத்த ஆரம்பித்தார். கல்லூரியின் வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும், முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழைக் கொடுத்து அனுப்பினார்கள். மெட்ராஸ் அரசு மருத்துவப் பணியில் சேர முயன்றார், இடம் கிடைக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் பாடம் எடுக்கப் போனார்.

இதே காலத்தில் வீட்டில் பேரிடி. சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம் ஸ்ப்ரூ என்ற வெப்பமண்டலக் குடல் நோய். தீராத வயிற்றுப்போக்கு, சாப்பிட்டது உடலில் ஒட்டாது, ரத்தம் வற்றிப்போகும். ஏன் வருகிறது, எதைக் கொடுத்தால் சரியாகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. படித்த டாக்டர் ஒருவர் வீட்டிலேயே இருந்தும் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடிந்தது.

பாஸ்டனில் தாமதமாக வந்த நீலம்

1922 அக்டோபரில் சுப்பாராவ் பாஸ்டனில் போய் இறங்கினார். மாமனாரின் பணம், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை தருவதாகச் சொன்ன உதவி, ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஓர் இடம். இவ்வளவுதான் கையில். எல்.எம்.எஸ். சான்றிதழை வைத்து அமெரிக்காவில் டாக்டராக வேலை பார்க்க முடியாது. எனவே ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஊழியராகச் சேர்ந்தார். பகலில் வகுப்பு, இரவில் நோயாளிகளின் படுக்கையை மாற்றுவதும் கழிகலன்களைக் கழுவுவதும்.

மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அவர் கிளம்பிய பின் பிறந்த மகன், கைக்குழந்தையாகவே இறந்துபோனான். அப்பா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று போனவர், கடைசி வரை இந்தியாவுக்குத் திரும்பவில்லை. ஏன் என்பதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. ஒரு ஆய்வு முடிந்தால் அடுத்தது காத்திருந்தது.

டிப்ளமோ முடித்ததும் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். முதல் வேலை கேட்கச் சாதாரணமாக இருக்கும்: ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று துல்லியமாக அளக்க ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். 1925-இல் இருவரும் அதை வெளியிட்டார்கள். மாதிரியில் சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று பெயர் பெற்ற இது, பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் ஆய்வகங்களில் பயன்பட்டது. உயிர்வேதியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

டேட்டாவோடு வேலை செய்கிறவர்களுக்கு அடுத்த பகுதி பிடிக்கும். தசையில் இருந்து எடுத்த சாற்றில் இந்தச் சோதனையைச் செய்தபோது, நீலம் வழக்கமான வேகத்தில் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாக ஏறியது. அளவீட்டில் பிழை என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. தசைக்குள் ஏதோ ஒரு நிலையற்ற பொருள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, சோதனை நடக்க நடக்க அது உடைந்து பாஸ்பேட்டை விடுகிறது, அதனால்தான் நிறம் தாமதமாக வருகிறது என்று புரிந்துகொண்டார்கள். 1927-இல் அந்தப் பொருளை அறிவித்தார்கள். பாஸ்போகிரியாட்டின். ஜிம்முக்குப் போகும் நண்பர் ஷேக்கரில் கலக்கிக் குடிக்கும் கிரியாட்டின் உடம்புக்குள் போய் ஆகும் பொருள் இதுதான்.

ஏன் இது பெரிய விஷயம்? தசை எப்படி இயங்குகிறது என்பதற்காக 1922-இல் இருவருக்கு நோபல் பரிசு கொடுத்திருந்தார்கள். லாக்டிக் அமிலம் உருவாவதுதான் தசை சுருங்குவதற்கு அடிப்படை என்பது அன்றைய நம்பிக்கை. பாஸ்பேட் பக்கம் பார்க்க வேண்டும் என்ற புதிய திசையை இந்தக் கண்டுபிடிப்பு காட்டியது.

1929-இல் அதைவிடப் பெரியது ஒன்று. ஏ.டி.பி. என்ற மூலக்கூறை ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையில் இருந்து பிரித்து எடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாகக் கண்டுபிடித்து முந்திக்கொண்டு வெளியிட்டார். செல்லின் செலவுப் பணம் என்று ஏ.டி.பி.யைச் சொல்லலாம். நம் உடலில் எந்த நேரத்திலும் இருப்பது சில நூறு கிராம்கூட வராது. ஆனால் அதையே உடைத்து, மறுபடி சேர்த்து, மறுபடி உடைத்து, ஒரு நாளில் ஏறக்குறைய நம் எடை அளவுக்குப் புழங்குகிறோம். உடைப்பதும் நொதிகள், சேர்ப்பதும் நொதிகள். நீங்கள் மாடிப்படி ஓடி ஏறும் முதல் சில நொடிகளில், கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி பாஸ்போகிரியாட்டினின் பாஸ்பேட்டை எடுத்து ஏ.டி.பி.யை நிரப்பிக்கொண்டே இருக்கிறது.

இந்தக் காலத்தில் நொதி என்பது என்ன பொருள் என்பதே முடிவாகாத கேள்வியாக இருந்தது. 1926-இல்தான் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக்கி, அது புரதம் என்று காட்டினார். பலர் நம்பவே இல்லை. அவருக்கு நோபல் கிடைக்க 1946 ஆகிவிட்டது.

பட்டம் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை

1930-இல் சுப்பாராவுக்கு ஹார்வர்டின் பிஎச்.டி. கிடைத்தது. ஆனால் நிரந்தர ஆசிரியர் பதவி கிடைக்கவில்லை. அதே ஆய்வகத்தில் மாணவராக இருந்து, 1988-இல் நோபல் வென்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்கள் வெளியே வராமல் ஃபிஸ்க் தடுத்துவிட்டார், அதற்குப் பொறாமையே காரணம் போலத் தெரிகிறது, பல ஆண்டுகள் கழித்து வேறு ஆட்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பது ஹிட்சிங்ஸ் சொன்னதன் சாரம்.

எச்-1பி வரிசையில் நிற்கும் நண்பர்கள் உங்களுக்கு நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சுப்பாராவ் அமெரிக்காவில் இறங்கி நான்கு மாதம்கூட முழுதாக ஆகாத நிலையில், 1923 பிப்ரவரியில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தக் கதவு 1946-இல்தான் சட்டத்தால் திறந்தது. திறந்த பிறகும் சுப்பாராவ் குடியுரிமை வாங்கவில்லை. கடைசி வரை அங்கே வெளிநாட்டுக்காரராகவே வாழ்ந்தார்.

1940-இல் ஹார்வர்டை விட்டுக் கிளம்பி, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். மருந்துக் கம்பெனி. இரண்டு ஆண்டுகளில் அதன் ஆராய்ச்சித் தலைவர். இனி அவர் கையில் பெரிய குழு இருந்தது.

குன்னூர் எலிகளில் இருந்து ஒரு வைட்டமின்

இப்போது ஃபோலிக் அமிலத்துக்கு வருவோம். இதன் கதை நம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளுக்குக் கடுமையான ஒரு வகை ரத்தசோகை இருந்தது. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. காரணம் தேடி அவர் நம் குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையத்திலும் எலிகளை வைத்து ஆய்வு செய்தார். ஈஸ்ட்டில் இருந்து செய்யும் மலிவான மார்மைட்டைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று 1931-இல் எழுதினார். ஈஸ்ட்டில் ஏதோ இருக்கிறது. என்னவென்று மட்டும் தெரியவில்லை.

1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 4 டன் ஸ்பினாச் கீரையை அரைத்து, அதே வகைப் பொருளை மிகச் சிறிய அளவில் பிரித்தெடுத்தார்கள். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். கீரையை டன் கணக்கில் அரைத்து உலகத்துக்கு மருந்து கொடுக்க முடியுமா? முடியாது. அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியை 1945-இல் சுப்பாராவின் தலைமையில் லெடர்லி வேதியியலாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

மாத்திரை வந்ததும் எந்த நோயாளிகள் தேறினார்கள் தெரியுமா? பெருஞ்சிவப்பணு ரத்தசோகை உள்ளவர்கள். அவர்களில் ஸ்ப்ரூ நோயாளிகளும் உண்டு. அதாவது, சுமார் கால் நூற்றாண்டுக்கு முன் தன் சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்குத் தன் ஆய்வகத்தில் இருந்தே மருந்து வந்ததை சுப்பாராவ் பார்த்தார்.

உடம்புக்குள் ஃபோலிக் அமிலம் செய்வது என்ன? டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. நீளமான பெயர், ஆனால் 186 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறிய புரதம். ஃபோலிக் அமிலம் அதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்து, பயன்படும் வடிவத்துக்கு மாறுகிறது. மாறிய வடிவம்தான் துணைநொதி. அது இல்லாமல் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான 'டி'-யை உடலால் போதிய அளவு செய்ய முடியாது. டி.என்.ஏ. நகலெடுக்க முடியாவிட்டால் செல் இரண்டாகப் பிரிய முடியாது. எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு லட்சக்கணக்கில் பிறக்கும் சிவப்பணுக்கள்தான் முதலில் அடிவாங்கும். கர்ப்பிணிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருப்பது இதனால்தான்.

போலிச் சாவி

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தை நோய்க்குறியியல் மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில வாரங்களிலும் மாதங்களிலும் இறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தே இல்லாத காலம். ஃபோலிக் அமில வகைப் பொருட்களைக் கொடுத்துப் பார்த்தபோது, நோய் இன்னும் வேகமெடுப்பது போல அவருக்குத் தோன்றியது. அப்படியானால் தலைகீழாக யோசிக்கலாமே? புற்றுநோய் செல்லுக்கு இந்த வைட்டமின் கிடைக்காமல் செய்தால் என்ன ஆகும்?

உணவில் இருந்து வைட்டமினை முழுக்க நீக்குவது நடக்காத காரியம். ஆனால் நொதியின் பள்ளத்தை அடைத்துவிடலாம். நொதிக்கும் அது கையாளும் பொருளுக்கும் உள்ள உறவு பூட்டும் சாவியும் போன்றது என்று எமில் ஃபிஷர் 1894-லேயே சொல்லியிருந்தார். உள்ளே நுழையும், ஆனால் திரும்பாத ஒரு சாவியைச் செய்தால்? அது உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் வரை உண்மையான சாவிக்கு இடமில்லை. இதைப் போட்டித் தடுப்பு என்பார்கள்.

ஃபோலிக் அமிலத்தைச் செய்யத் தெரிந்த லெடர்லிக்கு அதன் போலிகளைச் செய்வதும் கைவந்தது. சுப்பாராவின் குழு செய்து அனுப்பிய போலிகளில் ஒன்று அமினோப்டெரின். அசலுக்கும் போலிக்கும் என்ன வித்தியாசம்? ஒரு குறிப்பிட்ட இடத்தில் அசலில் ஆக்சிஜன் அணு இருக்கும். போலியில் அங்கே நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதி. அவ்வளவுதான். அதோடு இன்னோர் இடத்தில் ஒரு கார்பன் அணு கொண்ட மெத்தில் தொகுதியைச் சேர்த்தால், அதுதான் மெத்தோட்ரெக்ஸேட்.

1947 இறுதியில் ஃபார்பர் குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் முடிவு வெளியானது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. அது தற்காலிகம்தான், நோய் திரும்ப வந்தது. ஆனால் ரத்தப் புற்றுநோயை ஒரு மருந்தால் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் பார்த்தது அப்போதுதான். இன்று வளர்ந்த நாடுகளில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்றுநோயில் 10-இல் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கிறார்கள். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் அந்தச் சிகிச்சையில் மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் இருக்கிறது.

அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் சுப்பாராவ் பெயர் இல்லை. அது வெளிவந்து இரண்டு மாதத்தில், 1948 ஆகஸ்டில், அவர் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்துபோனார். வயது 53.

பூட்டைப் பார்த்தது எப்போது?

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. சாவியைச் செய்தவர்கள் யாரும் பூட்டைப் பார்த்ததில்லை. அமினோப்டெரின் பிடித்து அடைப்பது எந்த நொதியை என்பதே 1950-களின் இறுதியில்தான் தெளிவானது. நொதியின் வடிவத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு இன்னும் காலம் பிடித்தது.

அதில் நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. காக்ஸ் டவுனில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் 1970-களில் மூலக்கூறு உயிர்இயற்பியல் துறையை உருவாக்கிய ஜி.என். ராமச்சந்திரன்தான் அவர். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1963-இல், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடிய முடியும், எதில் முடியாது என்று ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தது அவருடைய குழு. உலகில் எங்கே ஒரு நொதியின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று சோதிக்க இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

1977-இல், மெத்தோட்ரெக்ஸேட் உள்ளே மாட்டிய நிலையில், பாக்டீரியாவின் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதியை எக்ஸ்ரே படிகவியல் மூலம் பார்த்தார்கள். போலி அசலைப் போலவே உட்கார்ந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அது தலையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்பது பின்னர் தெளிவானது. அந்த ஒரு அமினோ தொகுதியால் நொதியை அது சுமார் ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. நொதியும் இரும்புப் பூட்டு போல விறைப்பானது கிடையாது. வருகிற பொருளுக்கு ஏற்ப லேசாக வளைந்து கொடுக்கும் என்று டேனியல் கோஷ்லண்ட் 1958-இல் சொன்னார். கைக்கேற்ப விரியும் கையுறை மாதிரி.

சரி, அந்த இரண்டு மாத்திரைக்கு வருவோம்

இப்போது அம்மாவின் சீட்டைப் படித்துப் பாருங்கள்.

ஏன் வாரம் ஒரு நாள்? புற்றுநோய்க்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட், மூட்டுகளைத் தாக்கும் நோய் எதிர்ப்பு செல்களை அடக்கப் போதும். ஆனால் இது செல்லுக்குள் போய்த் தங்கிவிடும் மருந்து. வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினமும் ஒன்று என்று தவறாக எடுத்துக்கொண்டால், பூட்டு திறக்கவே நேரமிருக்காது. மஜ்ஜை, வாய், குடல் என்று வேகமாகப் பிரியும் செல்கள் எல்லாம் நின்றுபோகும். வாய்ப்புண்ணில் தொடங்கி உயிர் போகும் வரை கொண்டுவிடும். உலகம் முழுவதும் இப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். எனவே எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலும் டப்பாவிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கர்ப்பிணிகள் இந்த மருந்தை எடுக்கவே கூடாது. இதுவும் அதே காரணம்தான்: கருவின் செல்களும் மிக வேகமாகப் பிரிபவை.

ஏன் கூடவே ஃபோலிக் அமிலம்? மூட்டுவாதத்தில் மெத்தோட்ரெக்ஸேட் இந்த ஒரு நொதியோடு நிற்பதில்லை, வேறு சில நொதிகளையும் தடுத்து வீக்கத்தைக் குறைக்கிறது. அதனால் மற்ற நாளில் கொஞ்சம் ஃபோலிக் அமிலம் கொடுத்தால், மருந்தின் பலன் பெரும்பாலும் கெடாமல் வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் பாதிப்பு போன்றவை குறைகின்றன.

தவறிப்போய் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டால், வீட்டில் இருக்கும் ஃபோலிக் அமிலத்தைக் கூடுதலாகக் கொடுத்துச் சமாளிக்கலாமா? கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஃபோலிக் அமிலம் பயனுள்ள வடிவத்துக்கு மாற அந்த அடைபட்ட நொதி வழியாகத்தான் போயாக வேண்டும். மருத்துவமனையில் கொடுப்பது ஃபோலினிக் அமிலம் என்ற வேறு மருந்து. அது ஏற்கெனவே மாறிய வடிவம். அடைபட்ட கதவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், நொதியைத் தெரிந்தவருக்கு அது உயிர் காக்கும் வித்தியாசம்.

ஒரு பெயர், மூன்று மருந்துகள்

சுப்பாராவின் ஆய்வகத்தில் இருந்து வந்தவை இவை மட்டும் இல்லை. 1947-இல் டைஎத்தில்கார்பமசின் வந்தது. யானைக்கால் நோயை ஒழிக்க இந்தியாவில் ஊர் ஊராகக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை அதுதான். 1948-இல் டெட்ராசைக்ளின் வகையின் முதல் ஆன்டிபயாடிக்கான ஆரியோமைசின் வந்தது. அதைக் கண்டுபிடித்த பெஞ்சமின் டகர், 70 வயதைத் தாண்டிய பின் லெடர்லியில் வேலை பார்த்தவர். ஃபோலிக் அமிலம், மெத்தோட்ரெக்ஸேட், டி.இ.சி. ஆகிய மூன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கின்றன.

இவ்வளவு செய்தவரின் பெயர் ஏன் நமக்குத் தெரியவில்லை? ஏ.டி.பி.யில் லோமான் முந்திக்கொண்டார். புற்றுநோய் மருந்தில் ஃபார்பர் முகமானார். கம்பெனியில் செய்த வேலை கம்பெனியின் பெயரில் போனது. அவரும் முன்னால் வந்து நின்று பேசும் ஆள் இல்லை, குழுவின் பெயரிலேயே கட்டுரைகள் வெளிவர விட்டார். அவர் இறந்த பிறகு ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்திய அரசு 1995-இல், அவருடைய நூற்றாண்டில், தபால் தலை வெளியிட்டது.

அம்மா அடுத்த வாரம் மாத்திரை போடும் நாளில், அவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு முறை பரீட்சையில் ஃபெயிலாகி, மெட்ராஸில் வேலை கிடைக்காமல் கப்பல் ஏறிய ஒருவர் இதற்குப் பின்னால் இருக்கிறார் என்று. கூடவே, எந்தக் கிழமை என்று ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.